மழையோடு பேசித் தீர்த்துக்கொண்ட வீடு

முதல் நாள், திங்கள்

மழையில் வந்து இறங்கினோம். மகள் காரைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் நான் ஓடிப்போய் வாசலோரம் சுவரை ஒட்டி நின்றேன். நின்றவரை ஒரு சொட்டு கூட மேலே படவில்லை. பெட்டியை எடுக்க ஓர் அடி வெளியே வைத்ததும் பிடரியில் சளசளவென்று ஊற்றியது. அண்ணாந்து பார்த்தேன். வைக்கோல் கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி இரண்டு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தகர வாய்க்கால் இல்லை, நீரை இறக்கும் குழாயும் இல்லை. வானம் கொடுத்ததையெல்லாம் கூரை அப்படியே தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அரசுக் கட்டடப் பிரிவில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? கூரை நீரைக் குழாயில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விடுவதுதானே நாங்கள் கற்ற முதல் பாடம். "இது எப்படி நிற்கிறது?" என்று மகளிடம் கேட்டேன். "முதலில் உள்ளே வாருங்கள் அப்பா, பிறகு விசாரணை வைத்துக்கொள்ளலாம்" என்றாள்.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டிலுள்ள அவள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். பான்பரிக்கும் சிப்பிங் நார்ட்டனுக்கும் நடுவே ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரம்மாள் கேட்டுக்கொண்டதால், கிரேட் டியூ என்ற புகழ்பெற்ற ஊருக்கு இங்கிருந்து நடந்தே போகலாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மகள் என்னை இறக்கிவிட்டு இரவே திரும்பிவிட்டாள். சனிக்கிழமை வருவாள். அதுவரை நானும் இந்த வீடும் மழையும்தான்.

வீட்டுக்காரம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். பக்கத்து வீட்டில் இருக்கிறார். சாவியோடு ஒரு தாளையும் கொடுத்தார். வானில் விளக்கு விடக்கூடாது, பட்டாசு கூடாது, ஈர விறகை அடுப்பில் வைக்கக்கூடாது, எதிலும் ஆணி அடிக்கக்கூடாது. கடைசி விதியைப் படித்தபோது அவரே சிரித்துவிட்டு, "அது எனக்கும் சேர்த்துத்தான்" என்றார். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. மூன்று தரங்களில் இது கடைசித் தரம்தான் என்றாலும், அனுமதி இல்லாமல் கட்டடத்தின் இயல்பை மாற்றினால் குற்ற வழக்கே வரும்.

இரண்டாம் நாள், செவ்வாய்

காலையில் மழை விட்டிருந்தது. அளவு நாடாவோடு வெளியே போனேன். வழியில் போன ஒருவர் என்னை நகராட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டு வடிகால் அடைப்பைப் பற்றிப் புகார் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். பழைய பழக்கம்.

முதலில் கல். பக்கத்துக் குன்றுப் பகுதியான காட்ஸ்வோல்ட்ஸின் வெளிறிய தேன் நிற வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இது அந்தக் கல் இல்லை. பனைவெல்லத்தில் துருவைக் கரைத்தது போன்ற நிறம். உண்மையிலேயே துருதான். இரும்பு கலந்த சுண்ணாம்புப் படிவக் கல், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. சுரங்கத்திலிருந்து எடுக்கும்போது உள்ளே பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறமாக இருக்குமாம். காற்றும் நீரும் பட்டபின்தான் இரும்பு துருவேறிப் பழுப்பாகிறது. ஒரு மூலைக்கல்லில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிப்பியின் அச்சு தெரிந்தது. என் வீட்டுச் சுவரில் கடல் சிப்பி இருந்தால் மணலைச் சரியாகச் சலிக்கவில்லை என்று மேஸ்திரியைத் திட்டியிருப்பேன்.

சுவரின் கனம் 58 சென்டிமீட்டர். ஜன்னல் ஓரத்தில் நாடாவை வைத்து அளந்தேன். ஒரே கல்லாலான கனம் இல்லை. வெளிமுகம் ஒரு சுவர், உள்முகம் ஒரு சுவர், நடுவே மண்ணும் உடைகல்லும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருக்க இடையிடையே குறுக்காக நீளக்கற்களைக் கோத்திருக்கிறார்கள். அவை போதாத இடங்களில் சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல உப்பியிருக்கிறது. தெற்குச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மூன்று விரல் விலகல். முந்நூறு வருடத்துக்கும் மேலாக அந்த மூன்று விரல் விலகலோடு நிற்கிறது. அஸ்திவாரம் என்று பெயர் சொல்லும்படி ஒன்றுமில்லை. மேல்மண்ணை வழித்துவிட்டுப் பெரிய கற்களைப் பரப்பி அதன்மேல் எழுப்பிவிட்டார்கள்.

ஓதத்தைத் தடுக்கும் அடுக்கும் இல்லை. தரையிலிருந்து நீர் சுவரில் ஏறத்தான் செய்யும். பணியில் இருந்தபோது இதே நிலைமைக்கு நான் எழுதிய பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: சிமெண்ட் கலவையில் நீர்த்தடுப்புப் பொடி கலந்து அழுத்திப் பூசவும். ஒரு முறைகூட நான் யோசித்து எழுதியதாக நினைவில்லை, கை தானாகவே எழுதிவிடும்.

அந்தப் பரிந்துரை என்ன செய்யும் என்பதை வடக்குச் சுவரில் கண்ணால் கண்டேன். முன்பு யாரோ ஒரு கொத்தனார், நல்ல எண்ணத்தோடுதான், கல் இடுக்குகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார். இடுக்குகள் கெட்டியாக அப்படியே நிற்கின்றன. கற்கள்தான் உள்வாங்கிப்போய்விட்டன. படம் உதிர்ந்து சட்டம் மட்டும் மிஞ்சியதுபோல ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் சிமெண்ட் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. காரணம் எளியது. சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரை கல்லைவிட மிருதுவானது, துளைகள் நிறைந்தது. ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும், தேய்வதும் அந்தக் காரைதான். சிமெண்ட் வந்து அந்த வாசலை அடைத்ததும் ஈரம் கல் வழியாக வருகிறது. உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பனிக்காலத்தில் கல்லுக்குள்ளேயே உறைந்து விரிகிறது. மேல்முகம் தாள் தாளாக உதிர்கிறது. கையால் தடவினால் பழுப்புப் பொடி ஒட்டுகிறது.

காரை தேய்ந்தால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். கல் தேய்ந்தால்? காரை இருப்பதே தேய்ந்துபோவதற்குத்தான் என்பது இத்தனை வயதில், ஓய்வு பெற்றபின், விடுமுறைக்கு வந்த இடத்தில் புரிகிறது. சம்பளம் வாங்கிய காலத்தில் புரிந்திருந்தால் சில பள்ளிக்கூடச் சுவர்கள் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரம்மாள் ஆண்டுக்கு ஒரு சுவர் வீதம் சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்து வருகிறார். சிமெண்டை எடுக்கும்போது கல்லின் ஓரமும் கூடவே பெயர்ந்து வருவதால் இயந்திரம் கூடாது, சிற்றுளிதான். வடக்குச் சுவரின் முறை அடுத்த கோடையில். பனிக்காலத்தில் சுண்ணாம்பு இறுகாது என்பதால் இப்போது வேலை நிறுத்தம்.

மூன்றாம் நாள், புதன்

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பயணம் போனேன்.

கீழே இரண்டே அறைகள். பெரிய அறையின் ஒரு பக்கம் முழுவதையும் அடுப்பங்கரை எடுத்துக்கொள்கிறது. அடுப்பு என்றால் நீங்கள் நினைப்பது இல்லை. உள்ளே போய் நின்று தலை நிமிரலாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து குளிர்காயலாம். அதன் முகத்தில் குறுக்கே கிடக்கும் ஓக் மர உத்தரம் என் தொடையைப்போல் இரண்டு மடங்கு. அதன் கீழ்விளிம்பில் கண்ணீர்த்துளி வடிவில் கருகிய தழும்புகள். மெழுகுவத்தி தவறிச் சுட்டது என்று சிலர் சொல்வார்களாம். வேண்டுமென்றே சுட்டுப் பதித்தது, தீ வராமலிருக்கக் காப்பு என்று சிலர் சொல்வார்களாம். தீயை வைத்தே தீக்குக் காப்புக் கட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தெருவிலும் யாராவது ஒரு பாட்டி அதைச் செய்திருப்பாள்.

அடுப்பின் பக்கவாட்டில் அலமாரிக் கதவு போல ஒன்று. திறந்தால் மாடிப்படி. புகைபோக்கியை ஒட்டி முக்கோணப் படிகளாகச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. இடத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, கூடவே புகைபோக்கியின் சூடும் படிக்குக் கிடைக்கிறது. மரச்சாமான் எதையும் அந்த வழியாகக் கொண்டுபோக முடியாது. மேலே இருக்கும் கட்டிலை உள்ளேயே பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் வழியாக ஏற்றியிருக்க வேண்டும்.

இந்த அமைப்பு ஒரு பெரிய மாறுதலுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் வீட்டின் நடுவே தரையில் நெருப்பு, மேலே பரணோ மாடியோ இல்லாமல் முகடுவரை திறந்த கூடம். புகை தானாகவே கூரை வழியாகக் கசிந்து போகும். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நாட்டுப்புறக் குடியானவர்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. கல்லால் புகைபோக்கி கட்டினார்கள், புகை ஒரு மூலைக்கு ஒதுங்கியது, கூடத்துக்கு மேலே தளம் போட முடிந்தது. வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 1570க்கும் 1640க்கும் இடைப்பட்ட காலத்தைப் பெரும் மறுகட்டுமானக் காலம் என்று குறித்தார். ஊருக்கு ஊர் அது முன்பின்னாக நடந்தது என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். இந்த வீடு பதிவேட்டின்படி 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதி.

ஜன்னல்களைப் பற்றி ஒன்று. நடுவில் கல் தூண் வைத்துப் பிரித்த ஜன்னல், மேலே புருவம் போலக் கல்லில் ஒரு நீர்த்தள்ளி. சுவரில் வழியும் நீர் ஜன்னலுக்குள் இறங்காமல் அந்தப் புருவம் இரு பக்கமும் ஒதுக்கிவிடுகிறது. இன்று மழையில் அது வேலை செய்வதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஒரு ஜன்னல் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. விருந்தினருக்கு வைத்திருக்கும் கையேட்டில் "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது" என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் அடைபட்ட ஜன்னலைக் கண்டால் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜன்னல் வரி இருந்தது உண்மை, 1696 முதல் 1851 வரை. ஆனால் முதலில் பத்து ஜன்னல்களிலிருந்துதான் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் வரி, 1766க்குப் பிறகு ஏழிலிருந்து. இந்த வீட்டில் அடைத்ததையும் சேர்த்து ஐந்துதான். குளிருக்குப் பயந்து அடைத்திருப்பார்கள். வீட்டுக்காரம்மாளிடம் சொன்னேன். "வரிக் கதைதான் விருந்தாளிகளுக்குப் பிடிக்கிறது" என்றார்.

நான்காம் நாள், வியாழன்

இன்றைய நாளுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லலாம். மூன்றாவது வீட்டில் கூரை வேய்கிறார்கள்.

வேய்பவர் அறுபதைத் தொட்டவர், கூட ஓர் இளைஞன். மூன்று நாள் மழைக்குப் பின் வெயில் எட்டிப் பார்த்ததும் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு ஏறியிருந்தார்கள். நான் கீழே நின்று பார்ப்பதைக் கண்டு, "ஏணி ஏறுவீர்களா?" என்று கேட்டார். ஏறினேன்.

"கையை உள்ளே விடுங்கள்" என்றார். பழைய கூரை இருந்த பக்கம். மேலே ஈரம், பாசி. இரண்டு விரல்கடை தாண்டியதும் கை உலர்ந்த வைக்கோலில் போனது. இன்னும் உள்ளே விட்டால் தூசி. மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அந்த இரண்டு விரல்கடையைத் தாண்டவில்லை.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு துளி விழுகிறது. ஒரு வைக்கோல் தாளின் நுனியில் ஓடி அடுத்த தாளுக்குக் கைமாறுகிறது. அது கீழுள்ளதற்கு. இப்படியே இறவாணம்வரை வந்து சொட்டிவிடுகிறது. உள்ளே இறங்க அதற்கு நேரமே கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தை. அதற்குச் சரிவு வேண்டும். கைப்பேசியில் அளந்தேன், 52 பாகை. 45க்குக் கீழே போனால் துளி சோம்பேறியாகி உள்ளே இறங்க ஆரம்பிக்கும், வைக்கோல் மக்கும். ஓரத்தில் வாய்க்கால் வைக்காததற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. நீர் ஓரிடமாக வராமல் இறவாணத்தின் முழுக்கனத்திலும் பரவலாகச் சொட்டுகிறது, தகரத்தில் பிடிப்பதும் எளிதில்லை. அதற்குப் பதில் இறவாணத்தை நீட்டிச் சுவரைக் காப்பாற்றிவிட்டு, தரையில் சரளைக்கல் நிரப்பிய பள்ளம் தோண்டி நீரைக் குடிக்கவிடுகிறார்கள். திங்கட்கிழமை என் பிடரியில் விழுந்த நீருக்கு இத்தனை யோசனை இருந்திருக்கிறது.

மூன்று விதமாக வேய்கிறார்கள். நீர்நாணல் ஒன்று. கிழக்கே நார்ஃபோக் சதுப்புகளில் விளைவது, 40 ஆண்டும் அதற்கு மேலும் தாங்கும். சீவிய கோதுமைத்தாள் இன்னொன்று, அடித்தண்டெல்லாம் வெளிப்பக்கம் பார்க்க அடுக்குவது, 25 முதல் 35 ஆண்டு. மூன்றாவது இந்தப் பகுதியின் பழைய முறையான நீள் வைக்கோல், அடியும் நுனியும் கலந்து கிடப்பது, 15 முதல் 25 ஆண்டு. அப்படியானால் நாணலே போட்டுவிடலாமே என்று கேட்டேன், கணக்குப் போடும் புத்தி. ஏணியிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். நாணல் கூரை விறைப்பாக, மூலைகள் கூர்மையாக இருக்குமாம். நீள் வைக்கோல் கம்பளியைப் போர்த்தியதுபோல் உருண்டு இறங்கும். வைக்கோலை மாற்றி நாணல் போடப் பட்டியல் கட்டடங்களில் அனுமதி கேட்க வேண்டியும் வரும். "அது போக, இப்போது வரும் நாணலில் பாதி துருக்கியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. ஆங்கிலேயக் கூரை!" என்று சொல்லிச் சிரித்தார்.

வைக்கோலும் சும்மா கிடைப்பதில்லை. இன்றைய கோதுமை குட்டை ரகம், அதையும் அறுவடை இயந்திரம் நொறுக்கிப் போட்டுவிடுகிறது. அதனால் கூரைக்கென்றே உயரமான ரகத்தைத் தனியாக விதைக்கிறார்கள். 1964இல் வந்த மாரிஸ் விட்ஜன் என்ற ரகம் இன்னும் வயலில் இருப்பதற்குக் கூரைத் தொழில்தான் காரணம். உரத்தைக் குறைத்துப் போட்டு, கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே பழைய கட்டும் இயந்திரத்தால் அறுத்து, கட்டாக நிறுத்திக் காயவைக்கிறார்கள்.

இளைஞன் கீழே வேலையாக இருந்தான். வைக்கோலைக் குவித்து நீர் தெளிக்கிறான். குவியலின் அடியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக உருவுகிறான். உருவும்போதே தாள்கள் நேராகிவிடுகின்றன. ஒரு முழ அகலத்துக்குக் கத்தையாகத் தட்டிச் சேர்க்கிறான். கத்தைகளைக் கவட்டைக் கொம்பில் அடுக்கித் தோளில் தூக்கி ஏணியேறுகிறான். மேலே பெரியவர் இறவாணத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கி வரிசை வரிசையாகப் படுக்கவைக்கிறார். பழைய கூரையோடு புதியதைப் பிடித்து நிறுத்துவது ஆணி இல்லை. ஹேசல் மரத்தின் பிளந்த குச்சி. இரு நுனியும் கூராகச் சீவியது. நடுவில் இரு கையாலும் பிடித்து முறுக்கிக்கொண்டே மடக்குகிறார், கொண்டை ஊசி போல ஆகிறது. உள்ளங்கையால் குத்தி இறக்குகிறார். முறுக்காமல் மடக்கினால் ஒடிந்துவிடும். முறுக்கினால் நார் நாராகப் பிரிந்து வளைந்துகொடுக்கும். நான் முயன்ற இரண்டும் ஒடிந்தன.

மேலே இறவாணத்திலும் ஓரங்களிலும் முகட்டிலும் பிளந்த குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அழகாகப் பின்னுகிறார்கள். அலங்காரம்போல் தெரிந்தாலும் காற்று கிளப்பாமல் பிடிக்கும் கட்டு அது. முகடு மட்டும் 10, 15 ஆண்டில் தேய்ந்துவிடும், இடையில் ஒருமுறை மாற்ற வேண்டும்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மீண்டும் வேயும்போது பழையதை முழுவதும் பிய்த்து எறிவதில்லை. மக்கிப்போன மேலடுக்கை மட்டும் வழித்துவிட்டு அதன்மேல் புதியதைப் போர்த்துகிறார்கள். அப்படியானால் அடியில் கைமரத்தோடு கட்டியிருக்கும் முதல் அடுக்கு? அது வீடு கட்டிய நாளில் போட்டது. சில பழைய வீடுகளில் அது திறந்த கூடத்துக் காலத்தது. நடு அடுப்பின் புகை படிந்து கரிக்கட்டை போலக் கறுத்துப்போன வைக்கோல், ஐந்நூறு அறுநூறு ஆண்டு வயது. தென் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கூரைகளைத் தேடி ஆராய்ந்த ஜான் லெட்ஸ் என்ற தொல்தாவர ஆய்வாளர் 1999இல் அதைப் பதிவு செய்தார். கதிர், உமி, களை எல்லாம் அப்படியே இருந்தன. ஆள் உயரத்துக்கு வளர்ந்த கோதுமை, ரகம் ரகமாகக் கலந்து விதைத்தது, இன்று ஆங்கிலேய வயல்களில் அநேகமாக அற்றுப்போன களைச்செடிகளின் விதைகள். ஒரு வயலின் ஒரு வருட அறுவடையைப் புகை பாடம் போட்டுவைத்திருக்கிறது.

பெரியவரிடம் நீங்கள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஒரே முறை. சட்டை வெளுக்க ஒரு மாதம் ஆயிற்று."

தீயைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய வைக்கோல், மூடிய புத்தகம்போலச் சட்டென்று எரியாது. ஆனால் பற்றிவிட்டால் உள்ளுக்குள் கனன்று பரவும், அணைக்க முடியாது. லண்டனில் 1212ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகே வைக்கோல், நாணல் கூரைகளுக்குத் தடை வந்துவிட்டது. 1997இல் திறந்த குளோப் நாடக அரங்கின் நாணல் கூரைதான் 1666 பெருந்தீக்குப் பிறகு அங்கே அனுமதி பெற்ற முதல் வேய்ந்த கூரை. நாட்டுப்புறத்தில் இன்றைய வில்லன் விறகுக் கணப்பு. இரும்புப் பெட்டிக்குள் எரியும் தீயின் சூடும் பொறியும் பழைய புகைபோக்கி வழியாக வேகமாக ஏறி முகட்டில் விழுகின்றன. ஈர விறகு கூடாது என்று தாளில் எழுதியிருந்ததன் பொருள் இப்போது தெரிந்தது. ஈர விறகின் கரி புகைபோக்கிக்குள் படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

இரவு கணப்பு மூட்டவில்லை. இரண்டு சட்டை போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி

கிரேட் டியூவுக்கு நடந்தேன். வயல் வரப்பு முழுக்கச் சேறு. ஊர் ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. வேலிச்செடி வெட்டிய தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னே பழுப்புக் கல் சுவர்கள், மேலே வைக்கோல் கூரைகள். படம் எடுக்கிறவர்கள் கூட்டம். நானும் எடுத்தேன், மறைப்பானேன்.

அழகு தானாக அமைந்தது என்று நம்பிக்கொண்டு போனால் ஏமாறுவோம். வீடுகள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டுக் குடியானவர் வீடுகள்தான். ஆனால் ஊர் முழுக்க ஒரே எஸ்டேட். 19ஆம் நூற்றாண்டில் உரிமையாளர்கள் முன்வாசல் மண்டபமும் கூர்முகப்பும் வைத்துச் சித்திரம்போல் ஆக்கியிருக்கிறார்கள். இதை ஜான் கிளாடியஸ் லவுடன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலை நிபுணரின் கைவேலை என்று பலர் சொல்வார்கள். அவர் 1808இல் இங்கே பண்ணையைக் குத்தகைக்கு எடுத்ததும் 1811இல் போய்விட்டதும் உண்மை. பின்னால் 1833இல் குடிசை, பண்ணை வீடு, மாளிகை ஆகியவற்றின் கட்டடக்கலைக்கென்றே பெரிய கலைக்களஞ்சியம் வெளியிட்டதும் உண்மை. மூன்று ஆண்டில் மரம் நட்டிருப்பார், பாதை போட்டிருப்பார். ஊரையே செதுக்கினார் என்பது எனக்கு நம்பும்படி இல்லை. அவருக்குப் பின் எஸ்டேட்டை வாங்கியவர் மேத்யூ ராபின்சன் போல்டன். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக நீராவி இயந்திரம் செய்து விற்ற பர்மிங்காம் போல்டனின் மகன். ஆலைப் பணம் வந்து வைக்கோல் குடிசைக்கு அழகு பார்த்தது.

தேவாலயத்துக்குப் போனேன். போல்டன் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்குச் சிற்பி சான்ட்ரி செய்த பளிங்குச் சிலை இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து யோசிக்கிறார். அதற்கும் முன்பு ஊருக்கு உடையவரான ஃபாக்லந்து பிரபு 1643இல் நியூபரி போரில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார், இடம் தெரியாமல். அவருடைய மாளிகையும் போய்விட்டது. குடியானவர்களின் வீடுகள் நிற்கின்றன.

அதற்கும் காரணம் உயர்ந்த நோக்கம் எதுவுமில்லை. வைக்கோல் ஏழையின் கூரை. கொஞ்சம் வசதி வந்தவர்கள் கல் ஓடு போட்டார்கள். கல் ஓடு சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவுக்கு அழுத்தும், நேரான தடித்த மரங்கள் வேண்டும். வைக்கோலின் எடை அதில் பாதிகூட இல்லை, வளைந்த கோணல் கழிகளே போதும். படகுக் கால்வாயும் பிறகு ரயிலும் வேல்ஸ் பலகைக்கல்லை மலிவாகக் கொண்டுவந்து கொட்டியபோது முடிந்தவர்களெல்லாம் வைக்கோலை இறக்கிவிட்டார்கள். காசில்லாதவர்களும் காசைச் செலவழிக்க மனமில்லாத எஸ்டேட்டுகளும்தான் மிச்சம் வைத்தார்கள். இந்த ஊரே 20ஆம் நூற்றாண்டில் பாதி இடிந்து கிடந்தது. 1978இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தார்கள். இன்று இந்த வீடுகளின் விலையை நான் விசாரித்தேன். என் ஓய்வூதியத்தில் ஒரு முன்வாசல் வாங்கலாம்.

விடுதியில் சூப் குடித்துவிட்டுத் திரும்பினேன். வழியில் மறுபடி மழை.

ஆறாம் நாள், சனி

மகள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஊரில் மதியம் இருக்கும் என்பதால், என்னோடு இருபது வருடம் வேலை பார்த்த மேஸ்திரியைக் கைப்பேசியில் அழைத்தேன். சுவரையும் இடுக்குகளையும் வீடியோவில் காட்டினேன். கூரையை ஒரு நொடிதான் பார்த்தார். வைக்கோல் அவருக்குப் புதிதில்லை.

"கலவை என்ன கணக்கு ஐயா?"

"ஒன்றுக்கு மூன்று. சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று."

"நம் கணக்குத்தான். கடுக்காய் ஊறவைத்து ஊற்றுவார்களா?"

"இல்லை."

"கருப்பட்டி?"

"அதுவும் இல்லை. உள்பூச்சில் மட்டும் ஆட்டு முடி, குதிரை முடி வெட்டிக் கலப்பார்களாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்:

"முடியை விலைக்கா வாங்குகிறார்கள்?"